சேத்தூரில் திணறிய கார்

“கார் எஞ்சின் திணறுகிறதாம்! அதைப் பற்றி எனக்கென்ன வந்தது? அடுப்பில் குழம்பு கொதிக்கிறது” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! ஒரு நிமிஷம் பொறுங்கள். இந்த விஷயத்துக்கும் உங்கள் சமையலறைக்கும் சம்பந்தம் உண்டு. உங்கள் தையல் மெஷினுக்கும் சம்பந்தம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் பிள்ளைகள் ஏறிச் செல்லும் வண்டி சாலையின் நடுவில் ஒரு விநாடி மூச்சை நிறுத்திவிட்டால் என்ன ஆகும் என்பதோடு சம்பந்தம் உண்டு. அந்த ஒரு விநாடியை நான் அனுபவித்தவள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் கொழுந்தனுக்குக் கார்ப் பைத்தியம். படித்தது எஞ்சினீயரிங், உத்தியோகம் மதுரையில். கைக்கு வந்த சம்பளத்தில் பாதியைக் கொட்டி, ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை வாங்கினான். பெரியவர்களுக்கு அந்தக் கார் ஞாபகம் இருக்கும். 1961 முதல் சென்னையிலே தயாரான கார் அது. பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டுதான் இங்கே ஸ்டாண்டர்டு என்று பெயர் வைத்துக்கொண்டது. மற்றக் கார்களுக்கு மூடி மட்டும் திறக்கும். இதற்கோ முன்பக்கம் முழுவதும், மட்கார்டு உட்பட, முன்னால் கவிழ்ந்து திறந்துகொள்ளும். எஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்து பூத்தொடுக்கலாம் போல அவ்வளவு இடம்!

அதே ஹெரால்டின் அடிப்படையிலே டிரையம்ப் கம்பெனியார் 1962-ல் ஸ்பிட்பயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார்கள். ஹெரால்டுக்கு ஒரு கார்புரேட்டர் என்றால், ஸ்பிட்பயருக்கு இரண்டு. இது தெரிந்த பிறகு என் கொழுந்தனுக்குத் தூக்கம் வருமா? எங்கெங்கோ தேடி, எஸ்.யூ. என்ற ரகத்தில் ஒரு ஜோடிக் கார்புரேட்டர் வாங்கி மாட்டினான். புகைக் குழாயை அகலமாக்கினான். “மதினி! வெளியே ஹெரால்டு, உள்ளே ஸ்பிட்பயர்!” என்று மார்தட்டிக்கொண்டான். முதல் இரண்டு மாதம் வண்டி பறந்தது வாஸ்தவம்தான்.

ஒரு விநாடி

சென்ற ஆடி மாதம் குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுகிறது என்று கேள்விப்பட்டுப் புறப்பட்டோம். இவருக்கு லீவு கிடைக்கவில்லை. கொழுந்தன் ஓட்ட, நான் முன்னால் உட்கார்ந்தேன். பின்னால் என் மாமியாரும், அவர் மடியில் தலை வைத்துக்கொண்டு என் ஆறு வயசுப் பெண்ணும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயில் ராஜகோபுரத்துக்கு ஒரு கும்பிடு, பால்கோவா அரைக் கிலோ, ராஜபாளையத்தில் காப்பி. அப்புறம் மேற்கே மலைத்தொடர் கூடவே வர, சேத்தூரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம்.

முன்னால் ஒரு டிராக்டர், பின்னால் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு ஊர்ந்தது. எதிரே தூரத்தில் ஒரு பஸ். தாண்டுவதற்குத் தாராளமாக இடம் இருந்தது. கொழுந்தன் வலப்பக்கம் ஒடித்து ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான்.

வண்டி போகவில்லை. “ஹுக்” என்று ஒரு சத்தம். எஞ்சினுக்குள் ஒன்றுமே இல்லாதது போல ஒரு வெறுமை. எதிரே பஸ் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு வருகிறது. கொழுந்தன் சட்டென்று பிரேக்கை மிதித்து டிராக்டருக்குப் பின்னால் வண்டியை நுழைத்துவிட்டான். பஸ் எங்களை உரசுவது போலப் போயிற்று. அதற்குப் பிறகுதான் எஞ்சின் “நான் தயார்” என்று துள்ளிற்று!

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகிறது. எதிரே வருவதும் அதே வேகம் என்றால், இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி விநாடிக்கு 33 மீட்டர் குறைகிறது. எஞ்சின் ஒரு விநாடி யோசித்தால் அவ்வளவு இடம் நம் கணக்கிலிருந்து போய்விடுகிறது!

“மதினி, ஒரு மாதமாகவே இப்படித்தான். உங்களிடம் சொல்லவில்லை” என்றான் கொழுந்தன், முகம் வெளுத்துப்போய். மதுரையில் ஒரு பட்டறையில் காட்டினானாம். ஸ்பார்க் பிளக் மாற்றினார்கள்; ஒயர்களை மாற்றினார்கள்; பெட்ரோல் பம்பையும் மாற்றினார்கள். பில் மட்டும் திணறாமல் ஏறிக்கொண்டே போயிற்று.

“முதலில் வண்டியை நிறுத்து. இதைப் பார்க்காமல் நான் ஏற மாட்டேன்” என்று மாமியார் சொல்லிவிட்டார். ஒரு மணி நேரமாகப் பேசாமல் இருந்தவர் பேசிய முதல் பேச்சு அது.

நாடி பார்த்தவர்

சேத்தூரில் சாலையோரமாக ஒரு சிறு பட்டறை. வேப்ப மரத்து நிழலில் நாலைந்து மோட்டார் சைக்கிள்கள். எழுபது வயசுக்குக் குறையாத ஒரு பெரியவர், தலையில் துண்டு, கையில் டீ கிளாஸ். எங்கள் காரைக் கண்டதும் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

“ஹெரால்டா? பார்த்து எத்தனை வருஷமாச்சு! தாயி, அந்த பெஞ்சுல பிள்ளையை உட்கார வையுங்க” என்றார் என்னிடம். பிறகு கொழுந்தனைப் பார்த்து, “சொல்லுங்க தம்பி, என்ன செய்யுது?” என்றார்.

“அண்ணாச்சி, கார்புரேட்டர் சரியில்லை...” என்று ஆரம்பித்தான் அவன்.

“அதை நான் சொல்லணும். வண்டி என்ன செய்யுதுன்னு நீங்க சொல்லுங்க” என்றார் பெரியவர்.

சகோதரிகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நாம் டாக்டரிடம் போய், “எனக்கு மலேரியா” என்று சொல்வதில்லை. “சாயங்காலமானால் குளிர் எடுக்கிறது” என்கிறோம். வியாதிக்குப் பெயர் வைப்பது அவர் பொறுப்பு. பெரியவர் ஸ்பானரைத் தொடுவதற்கு முன்னால் நாலே நாலு கேள்விகள் கேட்டார்.

“காலையில ஸ்டார்ட் பண்ணினதும் திணறுதா, வண்டி சூடேறின பிறகும் திணறுதா?” சூடேறின பிறகும் என்றான் கொழுந்தன். அப்படியானால் சோக் விவகாரம் இல்லை.

“மதுரையிலிருந்து எண்பதுல நிறுத்திப் பிடிச்சு வந்தீங்களே, எங்கேயாச்சும் இழுக்காம நின்னுச்சா?” நிற்கவில்லை. அப்படியானால் பம்பும் பில்டரும் பெட்ரோலை ஒழுங்காகத்தான் கொடுக்கின்றன. அவற்றில் அடைப்பு இருந்தால் நீண்ட ஓட்டத்திலும் மேடு ஏறும்போதும்தான் வண்டி பட்டினி கிடக்கும்.

“காலை மெதுவா அமுத்தினா?” ஒழுங்காகப் போகிறது. திடீரென்று அழுத்தினால் மட்டுமே திணறல்.

“கடைசியா எஞ்சின்ல யார் கை வச்சாங்க? என்னைக்கு?” ஒரு மாதத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழுந்தனே இரண்டு கார்புரேட்டர்களையும் கழற்றித் துடைத்துத் திருப்பி மாட்டினானாம். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. “ம்” என்று மட்டும் சொல்லிக்கொண்டார்.

பேரனும் பாட்டியும்

எஞ்சின் எதற்காகத் திணறுகிறது என்று இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பயப்படாதீர்கள், அடுப்படிக் கணக்குதான்.

காஸ் அடுப்பில் காற்றும் வாயுவும் சரியாகச் சேர்ந்தால் ஜ்வாலை நீலமாக எரிகிறது. காற்று குறைந்தால் மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி பிடிக்கிறது. காற்று மிஞ்சினால் ஜ்வாலை பர்னரை விட்டுத் துள்ளி அணையப் பார்க்கிறது. கார் எஞ்சினும் இப்படித்தான். ஒரு கிலோ பெட்ரோல் ஒழுங்காக எரியச் சுமார் 15 கிலோ காற்று வேண்டும். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று! இந்த இரண்டையும் அளவாகக் கலந்து கொடுக்கும் சமையற்காரர்தான் கார்புரேட்டர்.

நிதானமாக ஓடும்போது அளவு தவறுவதில்லை. திடீரென்று அழுத்தும்போதுதான் சங்கடம். காற்று, பள்ளிக்கூட மணி அடித்ததும் பாய்ந்தோடும் பேரன். பெட்ரோல், தடியை ஊன்றிப் பின்னால் வரும் பாட்டி. பேரன் எஞ்சினுக்குள் போய்ச் சேர்ந்த பிறகும் பாட்டி வாசற்படியில்தான் இருக்கிறாள். அந்த ஒரு கணம் எஞ்சினில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. நெருப்புப் பிடிக்கவில்லை, திணறுகிறது.

இதற்குப் பரிகாரம் செய்யாத கார்புரேட்டர் கிடையாது. பெரும்பாலான ரகங்களில் ஒரு குட்டிப் பம்பு இருக்கிறது. காலை அழுத்தியதும் கொஞ்சம் பெட்ரோலைப் பீச்சி, பாட்டியை முன்னால் தள்ளிவிடும். எஸ்.யூ. கார்புரேட்டரில் அந்தப் பம்பு கிடையாது. அதன் வழி வேறு.

எஸ்.யூ. என்பது ஸ்கின்னர் சகோதரர்களின் கம்பெனி. அவர்கள் குடும்பம் லண்டனில் செருப்பு வியாபாரம் செய்த குடும்பம். கொல்லன் உலைத் துருத்தியைப் போல, தோலால் ஆன துருத்தியை வைத்துத்தான் அவர்களுடைய முதல் கார்புரேட்டர் வேலை செய்தது. 1910-ல் கம்பெனி ஏற்பட்டது. தோலுக்குப் பதிலாகப் பின்னால் உலோகப் பிஸ்டன் வந்தது. எஞ்சின் காற்றை எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுக்கு இந்தப் பிஸ்டன் மேலே எழுந்து வழி விடும். அதோடு பிணைத்த ஊசியும் எழுந்து பெட்ரோலுக்கு வழி விடும்.

பிஸ்டன் சட்டென்று எழுந்துவிட்டால் காற்று வழி ஒரேயடியாக அகன்றுவிடும். பெட்ரோலை உறிஞ்சும் வேகம் குறைந்துவிடும். அதனால் பிஸ்டனின் தலையில் ஒரு சிறு கிண்ணம் வைத்து, அதில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, ஒரு தண்டை இறக்கியிருக்கிறார்கள். எண்ணெய் பிஸ்டனைப் பிடித்து, “மெதுவாக எழுந்திரு” என்கிறது. அந்தச் சின்னத் தாமதத்தில் காற்று குறுகின வழியாக வேகமாகப் பாய்ந்து, பெட்ரோலைக் கூடுதலாக இழுத்துக்கொள்கிறது. பேரன் கையைப் பாட்டி பிடித்துக்கொள்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

தையல் மெஷின் வெளிப்பட்டது

பெரியவர் அதற்குள் அவசரப்பட்டுப் போய்விடவில்லை. முதலில் டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தார். ஸ்பார்க் நேரம் பின்தங்கினாலும் இதே திணறல் வருமாம். அங்கே குற்றமில்லை. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஒரு தூரிகையில் எண்ணெயைத் தொட்டு, கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இடங்களில் ஒவ்வொன்றாகத் தடவினார். எங்கேயாவது கள்ள வழியாகக் காற்று நுழைந்தால், எண்ணெய் அந்த ஓட்டையை அடைத்து எஞ்சினின் சத்தம் மாறிவிடும். மாறவில்லை.

“பெட்ரோலைத் தெளிச்சும் பார்ப்பாங்க சில பேரு. சூடான எஞ்சின்ல அது நெருப்போட விளையாடுற விளையாட்டு. செய்யாதீங்க தம்பி” என்று எச்சரித்தார்.

கடைசியாக எஞ்சினை அணைத்து, காற்று வடிகட்டியை எடுத்துவிட்டு, உள்ளே விரலை விட்டு ஒரு கார்புரேட்டரின் பிஸ்டனைத் தூக்கினார். அது சட்டென்று எழுந்தது. இன்னொன்றையும் தூக்கினார். அதுவும் அப்படியே.

“ஏறுறப்போ தேன்ல கரண்டி விட்ட மாதிரி கனமா ஏறணும். விட்டா, ‘டக்’குனு விழணும். இது ஏறுறப்பவே துள்ளுது பாருங்க” என்றார். மேலே இருந்த மூடிகளைத் திருகி எடுத்தார். ஒன்றில் எண்ணெய் கிட்டத்தட்டக் காலி. இன்னொன்றில் இருந்ததை விரலில் தொட்டுக் கட்டை விரலால் தேய்த்தார், முகர்ந்து பார்த்தார்.

“தம்பி, இது என்ன எண்ணெய்?”

“மெஷின் எண்ணெய், அண்ணாச்சி.”

“எந்த மெஷின்?”

கொழுந்தன் என்னைப் பார்த்தான். எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. ஒரு மாதமாக என் தையல் மெஷின் எண்ணெய்ப் புட்டி பாதியாகக் குறைந்திருந்தது. நான் வேலைக்காரப் பெண்ணைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்!

“எண்ணெய்தானே, எதுவானால் என்ன என்று...” என்று இழுத்தான்.

பெரியவர் சிரிக்கவில்லை. “ஊசி ஓட்டுறதுக்கு அது தண்ணி மாதிரி இருக்கணும். பிஸ்டனைப் பிடிக்கிறதுக்குக் கனம் வேணும். நீங்க ஊத்தினது காத்தோட போட்டி போடுற எண்ணெய்” என்றார். மோட்டார் சைக்கிளின் முன் போர்க்குக்கு ஊற்ற வைத்திருந்த 20-ஆம் நம்பர் எண்ணெயை எடுத்தார். பழையதை வடித்துத் துடைத்துவிட்டு, இரண்டு கிண்ணங்களிலும் அளவாக ஊற்றி, மூடியைத் திருகினார். மறுபடி விரலை விட்டுத் தூக்கினார். இப்போது பிஸ்டன் மணப்பெண்ணைப் போல நிதானமாக எழுந்தது.

கொழுந்தனும் அவரும் மட்டும் ஏறி, ஆளில்லாத ஒரு பாதையில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். கொழுந்தனின் முகமே சொல்லிவிட்டது. எண்ணெய்க்கும் கூலிக்கும் பெரியவர் கேட்டது மதுரைப் பில்லில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மாமியார் தாமே பையைத் திறந்து, அவர் வீட்டுக் குழந்தைகளுக்கென்று பால்கோவாவையும் கொடுத்தார்.

சோழவரத்தின் பாடம்

“அண்ணாச்சி, ரேஸ் காரெல்லாம் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டேன். சின்ன வயசில் சோழவரத்தில் பார்த்தாராம். சென்னைக்கு வடக்கே, யுத்த காலத்து விமானத் தளம் ஒன்றில் பல வருஷங்கள் பந்தயம் நடந்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் ஏற்பட்டது. அந்த நாளில் ஹெரால்டு, பியட் போன்ற குடும்பக் கார்களையே முடுக்கிவிட்டுப் பந்தயத்துக்குக் கொண்டுவருவார்கள். பின்னால் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனியாகப் பந்தயப் பாதையே அமைந்தது. கோயமுத்தூர் கரிவரதன் இங்கேயே பந்தயக் கார்களை உருவாக்கிப் பல இளைஞர்களுக்கு வழி காட்டினார். அவர் 1995-ல் விமான விபத்தில் காலமானார். அதே கோயமுத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005-ல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். பெண்களுக்கும் இதில் இடமுண்டு. சென்னை அலிஷா அப்துல்லா மோட்டார் சைக்கிளிலும் காரிலும் பந்தயம் ஓட்டிப் பெயர் வாங்கியவர்.

ஆனால் பந்தயப் பாதை வேறு. குற்றாலம் போகும் பாதை வேறு. தயாரிப்பாளர் அமைத்த அமைப்பை இஷ்டப்படி மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தியது. வீட்டில் பிள்ளையாண்டான் காரை முடுக்குகிறான் என்றால், “ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டாயா?” என்று நீங்கள் கேளுங்கள். நானும் கேட்டிருக்க வேண்டியவள்தான்!

உங்கள் வண்டி திணறினால்

“எங்கள் காரில் கார்புரேட்டரே கிடையாதே!” என்பீர்கள். உண்மை. 2000-ஐ ஒட்டிப் புகை விதிகள் கடுமையானதிலிருந்து, புதுக் கார்களில் கம்ப்யூட்டர்தான் பெட்ரோலை அளந்து பீச்சுகிறது. ஆனால் பேரனும் பாட்டியும் மாறவில்லை. காற்றை அளக்கும் கருவியில் அழுக்குப் படிந்தாலும், ரப்பர்க் குழாயில் விரிசல் விட்டாலும், அதே திணறல் வரும். ஆகையால் பட்டறைக்குப் போகுமுன் ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

காலையில் மட்டும் திணறி, சூடேறினால் சரியாகிறதா? எஞ்சின் குளிராக இருக்கிறது என்று கண்டுகொள்ளும் பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

திடீரென்று அழுத்தினால் மட்டுமா? காற்று, பெட்ரோல் கலவையும், கள்ளக் காற்றும், ஸ்பார்க் நேரமும் சந்தேகத்துக்கு உரியவை.

நெடுந்தூரம் வேகமாக ஓடும்போதும், மேடு ஏறும்போதுமா? பெட்ரோல் பில்டரும் பம்பும்.

ஒழுங்கில்லாமல் வெட்டி வெட்டி இழுத்து, மழை நாளில் அதிகமாகிறதா? ஸ்பார்க் பிளக், காயில், ஒயர்கள்.

பங்கில் பெட்ரோல் போட்ட பிறகு ஆரம்பித்ததா? தண்ணீரோ தூசியோ கலந்திருக்கலாம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இப்போது பங்கில் விற்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எதனால் கலக்கிறார்கள். அது தண்ணீரை இழுத்துக்கொள்ளும் சுபாவம் உள்ளது. கலவையில் பெட்ரோல் பங்கையும் சற்றுக் குறைத்துவிடும். பழைய கார்களின் ரப்பருக்கும் அது ஆகாது.

எஞ்சின் விளக்கு எரிந்தால், மெஷினை மாட்டிக் கோளாறு எண்ணைப் படித்துச் சொல்வார்கள். அந்த எண் எந்தத் தெருவில் தேட வேண்டும் என்று காட்டும். வீட்டு வாசலில் கொண்டுவிடாது. “இதை மாற்ற வேண்டும்” என்று யாராவது சொன்னால், “எதை வைத்துச் சொல்கிறீர்கள்? பரீட்சித்துப் பார்த்தீர்களா?” என்று தாராளமாகக் கேட்கலாம். கெட்டிக்காரப் பட்டறைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கோளாறு தீரும் வரையில் ஒரு விரதம் எடுத்துக்கொள்ளுங்கள்: எந்த வண்டியையும் தாண்டுவதில்லை என்று.

குற்றாலம் போய்ச் சேர்ந்தோம், அருவியில் குளித்தோம். திரும்பும்போது டிராக்டர்கள் எத்தனையோ குறுக்கிட்டன. கொழுந்தன் ஒன்றையும் தாண்டவில்லை. “வண்டிதான் சரியாகிவிட்டதே, தம்பி?” என்றேன். “எனக்கு இன்னும் சரியாகவில்லை, மதினி” என்றான்.

வீட்டுக்கு வந்ததும் வேலைக்காரப் பெண்ணுக்கு ஒரு புடவை வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. தையல் மெஷின் எண்ணெயை இப்போது அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். சாவி என் இடுப்பில்!